தளம் முடங்கினால் லாக்கைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிவு வரும் நாள், விண்ணப்பிக்கக் கடைசி நாள், பொங்கல் ரயில் டிக்கெட் முன்பதிவு திறக்கும் காலை, இந்த நாட்களில் எல்லாம் உங்கள் பத்திரிகையில் ஒரே செய்தி வருகிறது. உங்களுடையதில் மட்டுமில்லை, எல்லாப் பத்திரிகையிலும்தான். இணையதளம் முடங்கியது, பொதுமக்கள் அவதி, தொழில்நுட்பக் கோளாறு என்று அதிகாரிகள் விளக்கம், மாலையில் சரிசெய்யப்பட்டது. அதோடு முடிந்தது. என்ன கோளாறு, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை பேருடைய விண்ணப்பம் பாதியில் நின்றது என்று நிருபர் கேட்பதில்லை. கேட்டாலும் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அவர் எதையோ மறைக்கிறார் என்று நினைத்துக்கொள்வோம், பல நேரம் அப்படி ஒன்றும் கிடையாது. அந்த வெப் அப்ளிகேஷனுக்கு லாக், அதாவது நடப்பதைத் தானாகக் குறித்துவைக்கும் பதிவு, அதற்கான செட்டிங்கை யாருமே உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை, அதனால் நடந்தது எங்கேயும் பதிவாகவில்லை. நான் கோவையில் சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவன். நாள் முழுக்க லாக் ஃபைலைப் படிப்பதுதான் பிழைப்பு. அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், வெட்ட வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள்.

லாக் என்பது பெரிய விஷயம் இல்லை. அப்ளிகேஷன் ஓடும்போது அது தானாக எழுதிக்கொண்டே போகும் வரிகள். ஒரு நல்ல வரி இப்படி இருக்கும்: தேதி, நேரம், விநாடி வரைக்கும், அடுத்து எவ்வளவு அவசரமான செய்தி என்ற குறி, எந்தப் பகுதியிலிருந்து வந்தது, கட்டணமா, லாகினா, ஃபைல் அப்லோடா, பயனர் பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சர்வருக்குப் போகும் கோரிக்கைக்கென்று கொடுத்த ஒரு தனி எண், கடைசியில் விஷயம், ‘வங்கியிலிருந்து பதில் வரவில்லை, 30 விநாடி காத்திருந்து விட்டுவிட்டேன்’ என்பது போல. இந்த ஒரு வரி இருந்தால், பணம் போய்விட்டது ரசீது வரவில்லை என்று கவுன்டரில் வந்து நிற்கும் பெண்ணுக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் மூன்று வாரம் அலைய விட வேண்டியதுதான், அப்படித்தான் அலைய விடுகிறார்கள்.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதது என்னவென்றால், புரோகிராமர் லாக் எழுதச் சொல்லி ஒரு வரி போட்டுவிட்டால் மட்டும் அது எங்கேயும் போய்ச் சேர்ந்துவிடாது. அந்தச் செய்தியை வாங்குவதற்கு ஒரு லாகர் இருக்க வேண்டும். லாகருக்கு ஒரு லெவல், அதாவது மேலே சொன்ன அவசரத்தின் அளவு, உண்டு, அதற்குக் கீழே இருக்கும் செய்தியை அது கண்டுகொள்ளாது. அதைத் தாண்டி வந்தால் ஹேண்ட்லர் என்று ஒன்று, அதுதான் செய்தியை ஃபைலில் எழுதுவதா, திரையில் காட்டுவதா, மெயில் போடுவதா, வேறொரு மெஷினுக்கு அனுப்புவதா என்பதைச் செய்வது. நடுவில் ஃபில்டர்கள் இருக்கலாம், வரியின் வடிவத்தை முடிவுசெய்ய ஃபார்மேட்டர் என்று ஒன்று. இதையெல்லாம் யாராவது ஒருவர் செட்டிங்ஸ் ஃபைலில் எழுத வேண்டும். இருபது முப்பது வரிதான். அந்த இருபது முப்பது வரியை எழுதாமல் விட்ட அப்ளிகேஷன்கள்தான் ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன.

பொதுவாகப் பேசினால் புரியாது, ஜாங்கோவை எடுத்துக்கொள்கிறேன். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் வெப் அப்ளிகேஷன் கட்ட உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க், அதாவது தயாராகக் கிடைக்கும் அடிக்கட்டுமானம். ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு, ஏனென்றால் ஜாங்கோ பிறந்ததே ஒரு பத்திரிகை அலுவலகத்தில்தான். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு என்ற உள்ளூர் நாளிதழின் இணையப் பிரிவில் 2003-ல் ஆரம்பித்தது, 2005-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நன்றாகக் கட்டிய சரக்கு, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அதில் லாக் செட்டிங் எதையும் தொடாமல் அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

டெவலப்பர் தன் லேப்டாப்பில் வேலை செய்யும்போது டீபக் மோடு, அதாவது பிழை தேட உள்விவரத்தைக் காட்டும் முறை, ஆன் செய்திருப்பார். அப்போது எல்லாப் பிழையும் அவர் கண்முன்னால் திரையில் கொட்டும். எல்லாம் பிரமாதமாகத் தெரிகிறது என்று நம்புவார். சர்வருக்குக் கொண்டுபோகும்போது டீபக்கை ஆஃப் செய்ய வேண்டும், செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உள்விவரம் எல்லாம் ஊருக்கே தெரியும். ஆஃப் செய்த அந்த நிமிடமே திரையில் காட்டும் ஹேண்ட்லர் வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பதிலாக இன்னொரு ஹேண்ட்லர் விழித்துக்கொள்ளும்: எரர் என்ற லெவலிலோ அதற்கு மேலோ எது நடந்தாலும் நிர்வாகிகளுக்கு மெயில் அனுப்புவது அதன் வேலை. நிர்வாகிகள் யார் என்பதை செட்டிங்ஸில் ஒரு பட்டியலாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியல் முதலில் காலியாகத்தான் இருக்கும். காலியாகவே விட்டால் மெயில் யாருக்கும் போகாது, அது போகவில்லை என்றும் யாருக்கும் தெரியாது. சரி, பட்டியலில் ஒரு பெயரைப் போட்டாயிற்று, மெயில் சர்வர் விவரத்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் சத்தம் வராது, ஏனென்றால் அந்த ஹேண்ட்லரை மெயில் போகாவிட்டால் பேசாமல் இருந்துவிடும்படிதான் எழுதியிருக்கிறார்கள். மெயில் போகாத காரணத்துக்காக அப்ளிகேஷனே விழுந்துவிடக் கூடாது என்பது அதில் உள்ள நியாயம். நியாயம் சரிதான். ஆனால் விளைவு என்ன? உள்ளே நூறு பேருக்குப் பிழைப் பக்கம் வருகிறது, எந்த வரியில் உடைந்தது, ஏன் உடைந்தது என்ற விவரம் காற்றோடு போகிறது.

எல்லாம் சரியாகக் கொடுத்து மெயில் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். ரிசல்ட் நாளில் டேட்டாபேஸ் திணறுகிறது, ஒவ்வொரு பிழைக்கும் ஒரு மெயில். அந்த மெயிலை அனுப்பி முடிக்கும் வரை அந்தக் கோரிக்கையும் காத்துக்கொண்டு நிற்கும், ஏற்கெனவே மூச்சுவாங்கும் சர்வருக்கு மேலும் ஒரு சுமை. ஆயிரக்கணக்கில் மெயில் வந்ததும் மெயில் சேவைக்காரர் அந்தக் கணக்கை நிறுத்திவைப்பார். வந்துசேர்ந்த மெயில்களையும் யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை, மொத்தமாக செலக்ட் செய்து டெலீட் அடிப்பார்கள். இது நான் நேரில் பார்த்தது, ஒரு நிறுவனத்தில் அந்த மெயில்கள் வர ஆரம்பித்த முதல் வாரமே அவற்றைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட ரூல் போட்டுவிட்டார்கள், அதற்குப் பிறகு அந்த ஃபோல்டரை ஒருவரும் திறக்கவில்லை.

இன்னொரு மோசமான பொறி இருக்கிறது. பைத்தானில் லாக் செட்டிங்கை ஒரு டிக்‌ஷனரியாகக் கொடுக்கலாம், அது பெயரும் அதற்கான மதிப்புமாக எழுதும் ஒரு பட்டியல், அதில் ‘டிசேபிள் எக்ஸிஸ்டிங் லாகர்ஸ்’ (ஏற்கெனவே இருக்கும் லாகர்களை நிறுத்து) என்று ஒரு சாவி. அதை எழுதாமல் விட்டால் ஆம் என்றே எடுத்துக்கொள்ளும். அதாவது அதற்கு முன்னால் உருவாகி இருக்கும் லாகர்களில் நீங்கள் பட்டியலில் பெயர் சொல்லாதவற்றை எல்லாம் ஊமையாக்கிவிடும். யாரோ ஒரு இன்டர்ன் எங்கிருந்தோ பத்து வரியை காப்பி பேஸ்ட் செய்து லாக் சேர்த்துவிட்டேன் என்று சொல்வார், உண்மையில் அவர் இருந்த லாக்கையும் நிறுத்தியிருப்பார். ஜாங்கோ ஆவணத்திலேயே இதைப் பற்றி எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள், யார் படிக்கிறார்கள்?

இதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது லெவல் விஷயம். பைத்தானில் ஐந்து லெவல், டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் வார்னிங்கும் அதற்கு மேலும்தான் கணக்கில் வரும். அப்படியானால் ‘விண்ணப்பம் வந்துசேர்ந்தது’, ‘ஃபைல் ஏற்றப்பட்டது’, ‘கட்டணம் உறுதியானது’ போன்ற சாதாரண, நல்ல செய்திகள் எல்லாம் இன்ஃபோ, ஆகவே அவை பதிவே ஆகாது. புரோகிராமர் சின்சியராக அந்த வரிகளை எழுதியிருந்தாலும் ஆகாது. கடைசி நாள் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு விண்ணப்பத்தை அனுப்பினேன், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு பிள்ளை சொல்கிறாள். எங்கள் சிஸ்டத்தில் அப்படி ஒன்றும் வரவில்லை என்கிறது அலுவலகம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவள் அனுப்பியது உண்மை, அவர்களிடம் ரெக்கார்டு இல்லாததும் உண்மை. அங்கே ஒரு சாட்சி இருந்திருக்க வேண்டும், அந்த சாட்சியை செட்டிங்ஸில் ஒரு சொல் வெளியே நிறுத்திவைத்துவிட்டது. அந்தப் பிள்ளை ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

அந்த வட்டம் சுற்றும் விஷயத்தையே இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் முடங்கிய தளம் என்று நீங்கள் எழுதும் செய்திகளில் பாதி இந்த வகைதான். ஜாங்கோ அப்ளிகேஷனை நேரடியாக யாரும் இணையத்தில் விடுவதில்லை. வரும் கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் முன்னால் நிற்கும், அதற்குப் பின்னால் கூனிகார்ன் போன்ற ஒன்று, அது ஒர்க்கர் என்ற சில வேலையாட்களை ஓட்டும், அவற்றுக்குள்தான் அப்ளிகேஷன். கூட்டம் அதிகமாகி டேட்டாபேஸ் பதில் சொல்லத் தாமதித்தால், கூனிகார்ன் வழக்கமாக 30 விநாடி பார்க்கும், அதற்குள் அசைவு இல்லையென்றால் அந்த ஒர்க்கரைக் கொன்றுவிட்டு வேறொன்றைத் தொடங்கும். செத்துப்போன ஒர்க்கர் பெரும்பாலும் அப்ளிகேஷன் லாக்கில் கடைசியாக எதையும் எழுதிவிட்டுப் போவதில்லை. ஆகவே அப்ளிகேஷன் லாக்கைத் திறந்தால் அமைதியாக, சுத்தமாக இருக்கும், பிழையே இல்லை! கூனிகார்ன் தன் பங்குக்கு ஒர்க்கர் டைம்அவுட் என்று ஒரு வரி எழுதும், என்ஜின்எக்ஸ் லாக்கில் 502 என்று ஒரு எண் விழும், பின்னால் இருப்பதிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்று அதற்குப் பொருள். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து, ஒரே கோரிக்கை எண்ணால் கோத்துப் பார்த்தால்தான் கதை புரியும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் தன்மேல் தப்பில்லை என்று கை விரிப்பார்கள், அப்ளிகேஷன் எழுதிய நிறுவனம் எங்கள் லாக்கில் எரர் இல்லை என்று ஸ்கிரீன்ஷாட்டே அனுப்பும். அந்த ஸ்கிரீன்ஷாட்டை நம்பி அதிகாரி உங்களுக்குப் பேட்டி கொடுப்பார்.

நேரத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். கிளவுடில் வாங்கும் மெஷின்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஒரு மெஷின் இதில், ஒரு மெஷின் அதில், வரியில் எந்த நேரம் என்று குறிப்பும் கிடையாது. காலை 10.42-க்குக் கட்டிய பணம் லாக்கில் 5.12 என்று இருக்கும், அந்த நேரத்தில் எந்தப் பரிவர்த்தனையும் இல்லையே என்று புகாரைத் தள்ளுபடி செய்வார்கள். ஃபார்மேட்டரில் நேர மண்டலத்தையும் சேர்த்து எழுதச் சொன்னால் தீர்ந்தது.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. இந்தியாவின் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான சிஇஆர்டி-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுகளில், நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தங்கள் கணினி அமைப்புகள் எல்லாவற்றிலும் லாக்கை இயக்கி வைத்து 180 நாள் பாதுகாக்க வேண்டும், கடிகாரத்தைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்துப்போக வைக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. இப்போது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் ஒரு மெஷினில் என்ஜின்எக்ஸ் போட்டு எதையும் மாற்றாமல் விட்டால், அதன் லாக் தினமும் சுழன்று 14 பழைய ஃபைல் மட்டும் மிஞ்சும், அதற்கு முந்தையது அழிந்துவிடும். அப்ளிகேஷனை அதற்குத் தேவையானவற்றோடு கன்டெய்னர் என்ற பெட்டியில் கட்டி ஓட்டும் டாக்கரில் ஓடினால் இன்னொரு வேடிக்கை: கன்டெய்னர் ஓடும் வரை லாக் அளவில்லாமல் வளர்ந்து டிஸ்க்கை நிரப்பும், புது வெர்ஷன் போடுகிறோம் என்று கன்டெய்னரை நீக்கினால் லாக்கும் அதோடு போகும். பெரும்பாலான இடங்களில் தளம் முடங்கினால் முதல் வைத்தியமே பழையதைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுவதுதான். தடயம் முழுக்க அழிந்த பிறகுதான் விசாரணைக் குழு அமைப்பார்கள். 180 நாள் என்று உத்தரவில் இருக்கிறது, 14 நாள் என்று மெஷினில் இருக்கிறது, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆள் யாரும் இல்லை.

நீதிமன்றம் வரை போனாலும் இதே கதைதான். பாரதிய சாட்சிய சட்டம் 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிறது, அதன் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கச் சான்றிதழ் வேண்டும், அந்தச் சான்றிதழில் ஃபைலின் ஹாஷ் மதிப்பையும், அதாவது ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்ணையும், கேட்கிறார்கள். ஃபைலே இல்லை, ஹாஷுக்கு எங்கே போவது?

இவ்வளவு நேரம் லாக் போதவில்லை என்றே புலம்பினேன். எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதுவும் கொஞ்சமான ஆபத்து இல்லை. எதையும் விடக் கூடாது என்று வந்ததையெல்லாம் எழுதிவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடிபி, பாஸ்வேர்டு, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், எல்லாம் அப்பட்டமாக லாக்கில் கிடக்கும். 2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம் தன்னுடைய 33 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களையும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னது நினைவிருக்கலாம். டேட்டாபேஸில் பாஸ்வேர்டை ஒழுங்காக உருமாற்றித்தான் வைத்திருந்தார்கள், ஆனால் உருமாற்றுவதற்கு முன்னால் ஒரு இடத்தில் அது உள் லாக்கில் அப்படியே எழுதப்பட்டுவிட்டது. மறுவருடம் மார்ச்சில் ஃபேஸ்புக் கதையும் இதேதான், கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகள் நிறுவனத்துக்குள் படிக்கக்கூடிய வடிவில் கிடந்தன, அதற்காக 2024 செப்டம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 9.1 கோடி யூரோ அபராதம் போட்டது. அவ்வளவு பெரிய இன்ஜினியர் படை இருக்கும் இடத்திலேயே இந்த நிலைமை என்றால், டெண்டரில் குறைந்த விலைக்கு எடுத்து மூன்று மாதத்தில் முடித்த தளத்தின் லாக்கில் என்னவெல்லாம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஜாங்கோவுக்கே திரும்பினால், பிழை நடக்கும்போது அனுப்பும் அந்த மெயிலில், பயனர் படிவத்தில் நிரப்பிய எல்லாமே இருக்கும். செட்டிங்ஸில் உள்ள ரகசியங்களை அதுவாகவே நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிடும், பெயரில் பாஸ், டோக்கன், கீ, சீக்ரெட் போன்ற சொற்கள் இருந்தால் போதும். ஆனால் படிவத்தில் வருவதை மறைக்க வேண்டுமென்றால் இன்னின்ன கட்டங்கள் ரகசியம் என்று நாம்தான் அந்தந்த இடத்தில் குறிப்பிட வேண்டும். ஆதார் எண் ரகசியம் என்று கான்சாஸில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும், இங்கே இருக்கும் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மக்களின் ஆதார் எண்ணும் பிறந்த தேதியும் யாரோ ஒரு டெவலப்பரின் இன்பாக்ஸில், அவர் வேலையை விட்டுப் போன பிறகும் கிடக்கும். படிவத்தில் உள்ளதை இணைய முகவரியிலேயே ஒட்டி அனுப்பும் தளங்கள் இதைவிட மோசம், கைபேசி எண் கேள்விக்குறிக்குப் பின்னால் முகவரிப் பட்டையில் தெரியுமே, அது அப்படியே என்ஜின்எக்ஸ் லாக்கில் பதிவாகும், அப்ளிகேஷனில் எவ்வளவு ஃபில்டர் போட்டாலும் பயனில்லை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு எடுக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. தரவு என்றால் டேட்டாபேஸ் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது ஒருநாள் உறைக்கும்.

லாக் செய்தியை வாங்கி வைப்பதிலேயே ஆபத்து வந்த கதையும் ஒன்று உண்டு, 2021 டிசம்பரில் உலகத்தையே ஆட்டிய லாக்4ஷெல். ஜாவா என்ற புரோகிராமிங் மொழி உலகில் எல்லோரும் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற லாக் எழுதும் லைப்ரரி, தனக்கு வரும் செய்தியில் குறிப்பிட்ட வடிவில் ஒரு தொடர் இருந்தால் அதை வெறும் எழுத்தாகப் பார்க்காமல் கட்டளையாக எடுத்துக்கொண்டு, அதில் சொன்ன வெளி சர்வருக்குப் போய் அங்கிருந்து புரோகிராமை இறக்கி ஓட்டிவிடும். தாக்குபவர் ஹேக்கிங் மன்னனாக இருக்க வேண்டியதில்லை, லாகின் பெட்டியில் பெயருக்குப் பதிலாக அந்தத் தொடரை டைப் செய்தால் போதும், மைன்கிராஃப்ட் விளையாட்டில் சாட்டில் டைப் செய்தே சர்வரைக் கைப்பற்றினார்கள். அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழுவிலிருந்து ஒருவர் கண்டுபிடித்து நவம்பரில் சொன்னார், ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. இதில் எனக்கு எப்போதும் தோன்றுவது, அந்த வசதி வேண்டும் என்று கேட்டவர்கள் மிகச் சிலர், அதை ஆஃப் செய்யாமல் வைத்திருந்தவர்கள் எல்லோரும். வந்த செட்டிங்கை வந்தபடியே விட்டுவிடும் பழக்கம்தான் அங்கேயும் நடந்தது.

சின்ன விஷயம், ஆனால் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதும்போது சொல்லாமல் இருக்க முடியாது. லாக்கை இப்போது பலரும் ஜேசான் வடிவில், அதாவது ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு பெயர் கொடுத்து, எழுதுகிறார்கள், தேடுவதற்கு வசதி. பைத்தானில் ஜேசான் எழுதும்போது ஒரு செட்டிங்கை மாற்றாவிட்டால் தமிழ் எழுத்து எல்லாம் சாய்கோடும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாறிவிடும். மின்சாரப் புகார் வாங்கும் செயலி, பட்டா விண்ணப்பம், எதிலும் மக்கள் பெயரையும் ஊரையும் தமிழில்தான் போடுகிறார்கள். கண்ணம்மா என்று தேடினால் லாக்கில் ஒன்றும் கிடைக்காது, ஆள் அங்கேதான் இருப்பார். ஒரே ஒரு ஆம் என்பதை இல்லை என்று மாற்றினால் போதும்.

சரி, இதற்காகப் பத்திரிகை என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நிறையச் செய்ய முடியும். அடுத்த முறை தளம் முடங்கியதும் உங்கள் நிருபர், எப்போது சரியாகும் என்பதோடு இன்னும் சிலவற்றையும் கேட்கட்டும். முதல் பிழை லாக்கில் எத்தனை மணிக்குப் பதிவானது, அதை யார் எப்போது பார்த்தார்கள்? அந்த நேரத்தில் வந்த விண்ணப்பங்களில் எத்தனை முழுமையாகச் சேர்ந்தன, எத்தனை அறுந்தன? லாக் எத்தனை நாளுக்கு இருக்கிறது, தளத்தை மறுபடி ஏற்றும் முன் அதைத் தனியாக எடுத்து வைத்தார்களா? பதில் வராவிட்டால், பதில் வரவில்லை என்றே எழுதுங்கள். அரசுத் துறையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நீங்களும் கேட்கலாம், வாசகர்களும் கேட்கலாம், விண்ணப்பதாரர் தன் விண்ணப்பத்தைப் பற்றிய பதிவைக் கேட்பதில் ரகசியம் என்ன இருக்கிறது?

டெண்டர்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வரலாம், பக்கம் எத்தனை விநாடியில் திறக்க வேண்டும், லோகோ எந்த மூலையில் இருக்க வேண்டும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். லாக் பற்றி ‘உரிய முறையில் பராமரிக்கப்பட வேண்டும்’ என்று ஒரே வரி இருந்தால் அதிர்ஷ்டம். அதில் எழுத வேண்டியது ஒன்றும் ராக்கெட் அறிவியல் கிடையாது. விண்ணப்பம் வந்தது, சேர்ந்தது, பணம் உறுதியானது ஆகியவை இன்ஃபோ அளவில் கட்டாயம் பதிவாக வேண்டும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண், அந்த எண் முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸிலிருந்து பின்னால் உள்ள டேட்டாபேஸ் வரை கூடவே போக வேண்டும், பிழைப் பக்கத்தில் மக்களுக்கும் தெரிய வேண்டும், அவர்கள் அதை எழுதிவைத்துக்கொண்டு வந்து கேட்பார்கள், லாக் அதே மெஷினில் இல்லாமல் வேறொரு மெஷினுக்கும் போக வேண்டும், அதுவும் வரிசையில் போட்டுவிட்டுப் பின்னணியில் போக வேண்டும், கோரிக்கையை நிறுத்திவைத்துக்கொண்டு போகக் கூடாது (பைத்தானிலேயே இதற்கென்று க்யூ ஹேண்ட்லர் இருக்கிறது, 3.2 வெர்ஷனிலிருந்தே), ஆதார், ஓடிபி, பாஸ்வேர்டு எந்த வரியிலும் வரக் கூடாது, அதைச் சோதித்துக் காட்டிய பிறகே பில் பாஸ் ஆக வேண்டும். கடைசியாகச் சொன்னது ஒன்றைச் சேர்த்தாலே நிறைய மாறும், பணம் நிற்கும் என்றால் நம் ஊரில் வேலை தானாக நடக்கும்.

கல்லூரிகளையும் விட முடியாது. ஃபைனல் இயர் புராஜெக்ட் பார்க்க அழைத்தால் போவேன், பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், மெஷின் லேர்னிங் எல்லாம் செய்துவைத்திருப்பார்கள், இது உடைந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டால் பிரின்ட் போட்ட இடத்தைக் காட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்வது, சிலபஸில் இல்லை, வைவாவில் கேட்பதில்லை. முதல் வேலையில் சேர்ந்து முதல் தடவை ராத்திரி இரண்டு மணிக்கு போன் வரும்போதுதான் லாக் என்று ஒன்று இருப்பதே தெரிகிறது. அந்த நேரத்தில் போய் லெவலை மாற்றினால் இனி நடப்பதுதான் பதிவாகும், ஏற்கெனவே நடந்தது நடந்ததுதான்.

உங்கள் பத்திரிகையின் தளமும் தேர்தல் முடிவு நாளில் கொஞ்சம் திணறத்தான் செய்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் இணையப் பிரிவில் இருப்பவர்களிடம், போன தடவை நடந்ததற்கு லாக் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள். இருந்தால் அதையே ஒரு கட்டுரையாகப் போடலாம், நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பில் இருக்கும் ஒரு வாசகன்,
கோயம்புத்தூர்